"ஸ்டாலினுக்குத் தெரியாது" என்ற பேச்சு

5 மார்ச் 2023, மாலை. ஒரு வாசகர் கேட்டது:

"இன்றோடு ஸ்டாலின் இறந்து 70 ஆண்டு. 1937-38 கொலைகளுக்கு அவர் மீதே பழி போடுகிறார்கள். செய்தது ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ். விஷயம் தெரிந்ததும் ஸ்டாலின் நிறுத்தினார், யெஷோவையும் தண்டித்தார். இதை ஏன் யாரும் சொல்வதில்லை?"

5 மார்ச், இரவு

சொல்வதில்லையா? 85 ஆண்டுகளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் அப்பா சாகும்வரை சொன்னார்.

ஸ்டாலினுக்குத் தெரியும். 1937 ஜூலை தொடக்கத்தில் அவர் கையெழுத்தோடு எல்லா வட்டாரக் கட்சிச் செயலாளர்களுக்கும் தந்தி போனது. ஊர் திரும்பிய குலாக்குகளையும், அதாவது பணக்கார விவசாயிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களையும், குற்றவாளிகளையும் பதிவு செய்யுங்கள், அவர்களில் சுடப்பட வேண்டியவர்கள் எத்தனை, நாடு கடத்தப்பட வேண்டியவர்கள் எத்தனை என்று ஐந்து நாளில் எழுதுங்கள் என்பது அதன் சாரம். அந்த மாதக் கடைசியில் ரகசியப் போலீஸான என்.கே.வி.டி.யின் 00447 எண் உத்தரவு வந்தது. மொத்தம் 2,68,950 பேர் இலக்கு. அதில் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் "முதல் வகை", அதாவது சுடப்பட வேண்டியவர்கள். மாஸ்கோ வட்டாரத்துக்கு மட்டும் முதல் வகையில் 5,000, இரண்டாம் வகையில், அதாவது முகாமுக்கோ சிறைக்கோ அனுப்பப்பட வேண்டியவர்கள், 30,000. ரேஷன் கடைக்கு அரிசி ஒதுக்குவதுபோல மாவட்டவாரியாகச் சாவு ஒதுக்கியிருக்கிறார்கள். வட்டாரத் தலைவர்கள் பற்றவில்லை, இன்னும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். கொடுத்தது மாஸ்கோ.

பெயர்ப் பட்டியல்கள் வேறு உண்டு. 383 பட்டியல்கள் மேலிடத்தின் கையெழுத்துக்காக அனுப்பப்பட்டதை 1956 பிப்ரவரியில் கட்சி மாநாட்டின் மூடிய அமர்வில், ஸ்டாலினுக்குப் பிறகு தலைவரான குருஷ்சேவே சொன்னார். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஸ்டாலின் கையெழுத்து இருக்கிறது. அப்படிக் கையெழுத்துப் போட்டு இரண்டே ஆண்டில் 6,81,692 பேரைக் கொன்றார்.

6 மார்ச், காலை

நேற்று அவசரத்தில் இரண்டு விஷயங்களைக் கலந்துவிட்டேன், திருத்துகிறேன். 6,81,692 என்பது 1937, 38 இரண்டு ஆண்டுகளிலும் அரசியல் வழக்குகளில் சுடப்பட்டவர்களாக என்.கே.வி.டி.யின் சொந்தக் கணக்கு காட்டும் மொத்தம். அந்த 383 பட்டியல்களில் இருந்தவர்கள் ஏறத்தாழ 44,000 பேர்தான். கட்சிக்காரர்கள், அதிகாரிகள், தளபதிகள், எழுத்தாளர்கள். ஸ்டாலின் பார்த்தது இவர்கள் பெயர்களை.

மற்ற ஆறு லட்சத்துச் சொச்சம் பேரின் பெயர் அவர் மேஜைக்கு வரவே இல்லை. அவர்களுக்கு எண்ணிக்கை மட்டும் போதுமாக இருந்தது. உள்ளூர் என்.கே.வி.டி. தலைவர், கட்சிச் செயலாளர், அரசு வழக்கறிஞர் ஆகிய மூவர் குழு, ரஷ்யர்கள் திரோய்க்கா என்பார்கள், ஒரே உட்காரலில் நூற்றுக்கணக்கான கோப்புகளை முடிக்கும். பிடிபட்டவன் முன்னால் நிற்க வேண்டியதில்லை, வக்கீல் கிடையாது, மேல்முறையீடு கிடையாது. போலந்துக்காரர்களைக் குறிவைத்த நடவடிக்கையில் மட்டும் 1,11,091 பேரைச் சுட்டார்கள். மாஸ்கோவுக்குத் தெற்கே புத்தொவோ என்ற இடத்தில் 1937 ஆகஸ்டிலிருந்து 1938 அக்டோபர் வரை 20,762 பேர். இதில் பாதிரியார்கள் உண்டு, தச்சர்கள் உண்டு, கூட்டுப்பண்ணை விவசாயிகள் உண்டு.

திருத்திய பிறகு எனக்கு இது நேற்றைவிடக் கனமாகத்தான் இருக்கிறது. பெயரைப் படித்துக் கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு நொடியாவது அந்தப் பெயர் கண்ணில் பட்டிருக்கும்.

6 மார்ச், மதியம்

"தெரிந்ததும் நிறுத்தினார்" என்பதற்குப் பதில் விட்டுப்போச்சு.

நிறுத்தினார், உண்மை. 1938 நவம்பர் 17 அன்று ஸ்டாலினும் பிரதமர் மொலொத்தொவும் கையெழுத்திட்ட ஒரு தீர்மானம் வந்தது, மூவர் குழுக்கள் ஒழிந்தன. ஒரு தாளில் நிறுத்த முடிந்தவரால் ஒரு தாளில் தொடங்கவும் முடிந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் யெஷோவ் ஸ்டாலினின் அலுவலக அறைக்கு இருநூறு முறைக்கு மேல் போயிருக்கிறார், வருகைப் பதிவேடு இருக்கிறது. அப்புறம் அவரையும் பிடித்தார்கள், 1940 பிப்ரவரியில் சுட்டார்கள். மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் அவர் நடந்துபோகும் படம் ஒன்று உண்டு. பின்னால் வந்த பதிப்பில் அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர்தான் தெரியும். அந்தக் கால்வாயைத் தோண்டியதும் கைதிகள்தான்.

ரஷ்யாவில் இன்றும் அந்தக் காலத்துக்கு "யெஷோவ்ஷினா" என்று பெயர். பயங்கரத்துக்கு வேலைக்காரனின் பெயர் போனது, ஊர்களுக்கு எஜமானின் பெயர். ஸ்டாலின்கிராத், ஸ்டாலினோ, ஸ்டாலினாபாத்.

7 மார்ச், இரவு

அப்பாவைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதுகிறேன், நீளும்.

அப்பா கோவையில் மில் தொழிலாளி. சங்க அலுவலகத்தில் நான்கு படம் மாட்டியிருக்கும்: மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின். சின்ன வயதில் நான்கு பேரும் அண்ணன் தம்பிகள் என்றுதான் நினைத்திருந்தேன். என் சித்தப்பா பெயரே ஸ்டாலின்தான். வீட்டுக்கு 'சோவியத் நாடு' வரும். அந்த வழவழப்பான தாளில் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போடுவோம், வகுப்பில் பாதிப் பேர் புத்தகத்தில் டிராக்டரும் கோதுமை வயலும் இருக்கும். அந்த இதழில் ஸ்டாலின் படம் வந்து நான் பார்த்ததில்லை. சங்கச் சுவரில் இருப்பவர் புத்தகத்தில் ஏன் இல்லை என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் அவங்க உள் விவகாரம் கண்ணு" என்றார்.

1987-இல் உதவித்தொகை கிடைத்து லெனின்கிராதுக்குப் பொறியியல் படிக்கப் போனேன். முதல் ஆண்டு முழுக்க ரஷ்ய மொழிதான். மொழி சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு அறுபதை நெருங்கும் வயது, 1929-இல் பிறந்தவர். கண்டிப்பானவர். 1988-இல் நாட்டுப் பள்ளிகளில் வரலாற்றுத் தேர்வை ரத்து செய்தார்கள். பாடப்புத்தகத்தில் இருப்பது பொய் என்று அரசே ஒத்துக்கொண்டதுபோல ஆகிவிட்டது. நாங்கள் வெளிநாட்டு மாணவர்கள், எங்களுக்கு அது செய்திதான். டீச்சர் அன்று வகுப்பெடுக்கவில்லை. சின்ன வகுப்பில் தன் பாடப்புத்தகத்தில், கைதான மார்ஷல்களின் முகத்தில் மை பூசிய கதையைச் சொன்னார். துக்காச்செவ்ஸ்கி, பிறகு யெகோரொவ், பிறகு ப்ளூஹர். ஆசிரியை பக்க எண் சொல்வாராம், பிள்ளைகள் பேனாவால் மூடுவார்களாம். இவர் ஓரம் தாண்டாமல் சுத்தமாகப் பூசியதற்குப் பாராட்டு வாங்கினாராம். "அப்போது என் அப்பாவைப் பிடித்து நான்கு மாதம் ஆகியிருந்தது" என்றார்.

அவர் அப்பா ரயில்வேயில் கணக்கர். 1937 இலையுதிர் காலத்தில் ஓர் இரவு கூட்டிப்போனார்கள். "பத்து ஆண்டு, கடிதத் தொடர்புக்கு உரிமை இல்லை" என்று விசாரிக்கும் ஜன்னலில் சொல்லி அனுப்பினார்கள். அம்மா ஸ்டாலினுக்கு மூன்று கடிதம் எழுதினார். 1956-இல் ஒரு காகிதம் வந்தது, 1943-இல் நிமோனியாவில் இறந்தார், குற்றமற்றவர் என்று.

விடுமுறைக்கு ஊர் வந்தபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அவருக்குத் தெரியாது கண்ணு, சுத்தி இருந்தவங்க செஞ்சது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. மில் முதலாளி விஷயத்தில் மேனேஜர் செய்தது, முதலாளிக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கண்ணிருந்தும் குருடாக இருந்தார், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

8 மார்ச்

"மக்களுக்கு உண்மை தெரியாதா, எதற்குக் கை தட்டினார்கள்" என்ற கேள்விக்கு:

தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். டீச்சர் சொன்ன பழைய ஜோக், கைதிகள் தோண்டிய இன்னொரு கால்வாயைப் பற்றி. வெள்ளைக்கடல் கால்வாயைத் தோண்டியது யார்? வலது கரையை ஜோக் சொன்னவர்கள், இடது கரையை ஜோக் கேட்டவர்கள். இது வெறும் சிரிப்பு இல்லை. குற்றவியல் சட்டத்தின் 58-ஆம் பிரிவின் பத்தாம் உட்பிரிவு, சோவியத் எதிர்ப்புப் பிரசாரம், அதில் ஜோக்குக்கு ஆண்டுக்கணக்கில் முகாம் கிடைத்தது. கேட்டுவிட்டுப் புகார் கொடுக்காதவனும் மாட்டினான்.

1929 டிசம்பரில் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நாளிதழ்கள் புகழ ஆரம்பித்தன. 1949-இல் எழுபதாவது வந்தபோது பரிசுப்பொருட்களை வைக்க மாஸ்கோவின் புஷ்கின் கலை அருங்காட்சியகத்தையே காலி செய்யவேண்டி வந்தது. வாழ்த்துச் செய்திகளின் பட்டியலைக் கட்சி நாளிதழ் 'பிராவ்தா' ஓராண்டுக்கு மேல் வெளியிட்டது. அனுப்பியவர்களில் எத்தனை பேர் அன்பால் அனுப்பினார்கள், எத்தனை பேர் பக்கத்து ஆலை அனுப்பிவிட்டதே என்று அனுப்பினார்கள் என்று பிரிக்க முடியுமா? அனுப்பியவர்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது.

9 மார்ச்

கேல்யா மார்க்கிஸொவாவைப் பற்றி யாருமே எழுதவில்லையே.

1936 ஜனவரி 27, கிரெம்ளினில் புர்யாத் மங்கோலியக் குழுவுக்கு வரவேற்பு. அந்தக் குடியரசின் விவசாய அமைச்சர் அர்தான் மார்க்கிஸொவின் ஏழு வயது மகள் கேல்யா பூங்கொத்தோடு ஓடிப்போய் ஸ்டாலினைக் கட்டிக்கொண்டாள். அந்தப் படம் நாடு முழுக்கப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் தொங்கியது. சிலையாகவும் வடித்தார்கள்.

அடுத்த ஆண்டு அப்பாவைக் கைது செய்தார்கள், 1938-இல் சுட்டார்கள். உங்களுக்குப் பூ கொடுத்த பெண் நான்தான், என் அப்பா நல்லவர் என்று அந்தக் குழந்தை ஸ்டாலினுக்கு எழுதியது. பதிலுக்கு அம்மாவையும் பிள்ளைகளையும் கஜகஸ்தானுக்கு நாடு கடத்தினார்கள். அங்கே 1940-இல் அம்மாவும் இறந்தார்.

படத்தைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. எடுப்பதற்கு அது மிக அதிகமான சுவர்களில் இருந்தது. மக்கள் விரோதியின் மகள் அதில் இருக்கவும் கூடாது. எனவே சிலையில் இருக்கும் பெண் மம்லகத் என்று மாற்றிச் சொன்னார்கள். மம்லகத், பருத்தி பறிப்பதில் பெயர் வாங்கிய தஜிக் சிறுமி, உண்மையான இன்னொரு குழந்தை. சிலை வடித்த லாவ்ரொவையும் 1938-இல் பிடித்து கொலிமா முகாமுக்கு அனுப்பினார்கள்.

வாசகரே, "ஸ்டாலினுக்குத் தெரியாது" என்கிறீர்கள். இந்தக் குழந்தையின் முகமும் அவருக்குத் தெரியாதா?

10 மார்ச், இரவு

இதில் இந்தியர் யாராவது மாட்டினார்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது, காரணம் அந்தக் கட்டடம்.

நேவா நதிக்கரையில் குன்ஸ்த்காமெரா என்ற பழைய அருங்காட்சியகம், கோபுரத்தோடு நீல நிறக் கட்டடம். நான் ஐந்து ஆண்டு அந்த வழியாக டிராலிபஸ்ஸில் போய் வந்தேன். அங்கே வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா வேலை பார்த்தார் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. சரோஜினி நாயுடுவின் தம்பி. பெர்லினில் இருந்து வெள்ளைக்காரனுக்கு எதிராக வேலை செய்தவர், பிறகு சோவியத்தை நம்பிப் போனவர். 1937 ஜூலையில் கைது, செப்டம்பர் 2 அன்று சுட்டார்கள். அவனி முகர்ஜியையும் அதே ஆண்டு அக்டோபரில் சுட்டார்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை 1920-இல் தாஷ்கந்தில் தொடங்கிய கூட்டத்தில் இருந்தவர் அவனி.

அதே கூட்டத்தில் ஒரு தமிழரும் இருந்தார். மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியார், சென்னைக்காரர். புதுச்சேரியில் பாரதியின் 'இந்தியா' பத்திரிகையில் உழைத்தவர். தாஷ்கந்தில், கட்சியை முன்னின்று தொடங்கிய எம்.என்.ராயோடு முட்டிக்கொண்டு, கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, 1922-இல் பெர்லினுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே, எந்த அரசும் வேண்டாம் என்ற அராஜகவாதிகளோடு சேர்ந்துகொண்டார். 1954-இல் பம்பாயில் வறுமையில் இறந்தார். ஆனால் படுக்கையில் இறந்தார். தாஷ்கந்திலேயே ஒத்துப்போயிருந்தால் 1937-இல் அவரும் லெனின்கிராதில் இருந்திருப்பார் என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை.

11 மார்ச், அதிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்று அதே கட்டடத்தைச் சேர்ந்த இன்னொருவரை விட்டுவிட்டேன், தமிழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியவர்.

அலெக்ஸாந்தர் மெர்வார்ட். ஜெர்மனியில் பிறந்து ரஷ்யாவுக்கு வந்தவர். 1914-இலிருந்து 1918 வரை மனைவி லியுத்மிலாவோடு இலங்கையிலும் இந்தியாவிலும் அந்த அருங்காட்சியகத்துக்காகப் பொருட்கள் சேகரித்தார். தமிழ் கற்றார், லெனின்கிராதில் தமிழ் கற்பித்தார். 1929-இல் பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் இலக்கணம் வெளியிட்டார். ஏட்டுத் தமிழுக்கு இல்லை, நாம் வீட்டில் பேசுகிற தமிழுக்கு! நம் ஊரில் பண்டிதர்கள் பேச்சுத் தமிழைக் கொச்சை என்று ஒதுக்கிக்கொண்டிருந்த காலம் அது.

அடுத்த ஆண்டு ஜனவரியில் கைது. அறிவியல் கழகத்து அறிஞர்களைக் கூட்டமாகப் பிடித்த வழக்கு. ஐந்து ஆண்டு தண்டனை. 1932-இல் வடக்கே உஃக்தா முகாமில் இறந்தார். மனைவியும் முகாமுக்குப் போனார், ஆனால் பிழைத்துவந்தார். யெஷோவ் பதவிக்கு வர இன்னும் நான்கு ஆண்டு இருந்தது. எல்லாம் யெஷோவ் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

11 மார்ச், மாலை

"தொழில்மயமாக்கினார், ஹிட்லரை வென்றார்" என்று எதிர்பார்த்தபடியே வந்திருக்கிறது. ஐந்து மார்ஷல்களில் மூவரைப் போருக்கு முன்னாலேயே ஒழித்தவரும் அவர்தான். போரில் வென்றவர்களில் லட்சக்கணக்கான மக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் தலைவணங்குகிறேன். சிறையிலிருந்து 1940-இல் விடுவிக்கப்பட்டு, பிறகு போரில் படை நடத்திய தளபதி ரொக்கொஸோவ்ஸ்கிக்கும்தான். அவர் பற்களை விசாரணையில் உடைத்தவர்களுக்கு இல்லை.

14 மார்ச்

மூன்று நாளாக அப்பாவைப் பற்றி எழுதியதே மனதில் ஓடுகிறது. குருடாக இருந்தார் என்று எழுதியிருக்கக் கூடாது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கவிஞர் அன்னா அக்மாதவா மகனுக்காக லெனின்கிராத் சிறை வாசலில் 17 மாதம் வரிசையில் நின்றவர். அந்த வரிசையைப் பற்றி எழுதிய வரிகளைத் தாளில் வைத்திருக்கப் பயந்து, நம்பிக்கையான தோழிகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்துவிட்டுத் தாளை எரித்தார். அதே அக்மாதவாவின் கவிதைகள் 1950-இல் 'அகன்யோக்' இதழில் வந்தன, ஸ்டாலினைப் போற்றி. மகனை மறுபடி பிடித்திருந்தார்கள். விடுவிப்பார்கள் என்ற நப்பாசை. 1956 வரை விடவில்லை. அந்தக் கவிதைகளைப் படித்து யார் அவரைக் குருடி என்று சொல்வது?

இன்னொரு பக்கம் மொலொத்தொவின் மனைவி பொலினா. 1949-இல் பிடித்து நாடு கடத்தினார்கள், கணவர் துணைப் பிரதமராகவே தொடர்ந்தார். ஸ்டாலின் செத்த பிறகுதான் விடுதலை. கடைசிவரை ஸ்டாலின் பக்தையாகவே இருந்தார். அவர் நடிக்கவில்லை என்று நினைக்கிறேன். தலைவர் தவறே செய்யாதவர் என்பதை விட்டுவிட்டால் தன் வாழ்க்கை முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டி வரும்.

என் அப்பாவை யாரும் சிறையில் போடவில்லை. ஆனால் 1950-களில் பதினாறு மணி நேரம் பஞ்சு நெடியில் நின்றவருக்கு, எங்கேயோ ஒரு நாட்டில் தொழிலாளி மனிதனாக இருக்கிறான் என்ற ஒரே எண்ணம்தான் சங்கத்துக்குப் போகிற தைரியத்தைக் கொடுத்தது. நான் அவரிடம் விடச் சொன்னது அந்த எண்ணத்தை. அதை வைத்துத்தான் அவர் எங்கள் கூலிக்காகவும் போனஸுக்காகவும் போராடினார், அதில் கிடைத்ததில்தான் நான் படித்தேன். இப்போதும் ஸ்டாலினைப் பற்றி அவர் சொன்னது பொய் என்றுதான் சொல்வேன். அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன்.

கிராமத்து ரஷ்யர்கள் ஜார் மன்னரைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள், ஜார் நல்லவர், அதிகாரிகள்தான் கெட்டவர்கள் என்று. ஸ்டாலினுக்கு லட்சக்கணக்கில் கடிதம் வரக் காரணம் இந்த நம்பிக்கை. யாரிடம் முறையிடுகிறோமோ அவர்தான் செய்தவர் என்று ஒத்துக்கொண்டால் முறையிட எங்கே போவது?

15 மார்ச்

1953-ஐப் பற்றிக் கேட்டவருக்கு. மார்ச் 1 அன்று மாஸ்கோவுக்கு வெளியே தன் பங்களாவில் ஸ்டாலின் பக்கவாதத்தில் விழுந்தார். கூப்பிடாமல் அறைக்குள் போகக் காவலர்களுக்குப் பயம், மணிக்கணக்கில் யாரும் கதவைத் திறக்கவில்லை. அவருடைய சொந்த மருத்துவர் வினோகிராதொவ் அப்போது சிறையில் இருந்தார், தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக மருத்துவர்கள் மீது ஜோடித்த வழக்கில். உடலைப் பார்க்கப் போன கூட்டத்தில் மாஸ்கோத் தெருவில் நசுங்கியே பலர் செத்தார்கள்.

டீச்சருக்கு அப்போது 24 வயது. தெருவில் நின்று தேம்பித் தேம்பி அழுததாகச் சொன்னார். வீட்டுக்கு வந்தால் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாராம், திரும்பிப் பார்க்கவில்லையாம். அம்மாவுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று அன்று கோபித்துக்கொண்டதை டீச்சர் 1988-இல் சொன்னபோது அவர் குரல் போய்விட்டது.

21 மார்ச்

"உங்கள் டீச்சரின் அப்பா 1943-இல் எந்த முகாமில் இறந்தார், ஆவணம் தேட உதவ முடியும்" என்று ஒரு நண்பர் தனியாக எழுதியிருந்தார். இங்கேயே பதில் சொல்ல வேண்டும், 7-ஆம் தேதி நான் எழுதியதைப் படித்தவர்கள் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

எந்த முகாமிலும் இல்லை. "கடிதத் தொடர்புக்கு உரிமை இல்லை" என்றால் சுட்டாகிவிட்டது என்று அர்த்தம். 1950-களில் குடும்பங்களுக்குக் கொடுத்த சான்றிதழ்களில் போலித் தேதியும் போலி நோயும் எழுதச் சொல்லி கே.ஜி.பி.க்கே உத்தரவு இருந்தது. 1990-இல் டீச்சருக்குப் புதுச் சான்றிதழ் வந்தது. இறந்த தேதி 1938 ஜனவரி. காரணம் என்ற இடத்தில் ஒரே சொல், சுடப்பட்டார். மாணவர்கள் மூன்று பேர் அவரோடு லெவஷோவோவுக்குப் போனோம், லெனின்கிராதுக்கு வடக்கே பைன் காடு. ஏறத்தாழ 19,000 பேரை அங்கே ரகசியமாகப் புதைத்திருந்தார்கள், அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளியே தெரிந்தது. யார் எந்தக் குழியில் என்று தெரியாததால் குடும்பங்கள் மரங்களில் படத்தைக் கட்டியிருந்தார்கள். டீச்சரும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டினார். அதே மரத்தில் வேறொரு குடும்பம் கட்டியிருந்த படம் சரிந்திருந்தது, அதையும் நிமிர்த்திக் கட்டினார்.

நிமோனியா என்ற அந்த 1943 தேதியில் முப்பது ஆண்டுக்கு மேல் அவரும் அம்மாவும் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார்கள். அம்மா உண்மை தெரியாமலே இறந்துவிட்டார். அம்மா ஏற்றியது என்பதற்காக டீச்சர் அந்தத் தேதியை விடவில்லை, இரண்டு நாளிலும் ஏற்றினார்.